சோம்பேறிப் பானை

எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு அடுப்புகளும் ஒரு பானையும் உள்ளன. விறகடுப்பு அம்மாவுக்குரியது. காஸ் அடுப்பு எனக்குரியது. அந்தப் பானையோ எவருக்கும் உரியதன்று. மேசையின் மூலையொன்றில் இருந்துகொண்டு, எவருடைய அவசரத்தையும் பொருட்படுத்தாமல், தன் போக்கில் மெல்ல மெல்ல வேலை செய்யும். கடையில் அதற்குப் பெயர் ‘ஸ்லோ குக்கர்’. 84 வயதான என் அம்மா அதற்கு இட்ட பெயர் ‘சோம்பேறிப் பானை’.

2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காக இலண்டனிலிருந்து வந்த என் தம்பி அதனைக் கொண்டுவந்தான். அவனுடைய எண்ணம் நல்லதே. அம்மாவின் வாயிற் சில பற்களே எஞ்சியுள்ளன. இறைச்சியும் கிழங்கும் பஞ்சுபோல் வெந்தாலன்றி அவரால் உண்ண இயலாது. நானோ ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பவள். நான்கு மணி நேரம் அடுப்படியில் நிற்க எனக்கு ஏது பொழுது? “காலையிற் போட்டுவிட்டுப் போ அக்கா, பின்னேரம் வந்து சாப்பிடலாம்” என்றான் தம்பி. அந்த ஒரு வாக்கியத்திற் பாதி உண்மையும் பாதி ஆபத்தும் இருந்தன. அதனை அறிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு சென்றது. நான் கற்ற பாடம் பிறருக்கும் பயன்படக்கூடும் என்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் இப்பானை எத்தகையது என்று கூறிவிடுகிறேன். வெளியே ஓர் உலோகக் கூடு. அதனுள்ளே மின்சாரத்தாற் சூடாகும் கம்பிச்சுற்று. அக்கூட்டினுள் இறங்கி அமரும் தடித்த பீங்கான் பானை. மேலே கண்ணாடி மூடி. முன்புறத்தில் ஒரு திருகி. அதிலே குறைந்த சூடு, கூடிய சூடு, சூடுகாத்தல் என மூன்று நிலைகள். எங்கள் பானை குறைந்த சூட்டில் எட்டு மணி நேரமும், கூடிய சூட்டில் நான்கு மணி நேரமும் எடுத்து ஒரே வேலையைச் செய்யும். அது உண்ணும் மின்சாரமும் சிறிதே. 200 வாற்றுக்குச் சற்று மேல். பழைய காலத்து மின்குமிழ்கள் இரண்டு மூன்றை எரியவிட்டாற் செல்லும் அளவுதான்.

இதன் பிறப்பிலும் ஒரு தாயின் கதை உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த இர்விங் நக்சன் என்பவரின் குடும்பம் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். அவர்களுடைய மதத்தில் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று நெருப்பு மூட்டலாகாது. ஆதலால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் அவரையினத்து விதைகளையும் இறைச்சியையும் ஒரு பானையிலிட்டு, ஊர் வெதுப்பகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். அடுப்பின் தணியுஞ் சூட்டில் அது இராமுழுதும் வேகும். இக்கதையைத் தாய் சொல்லக் கேட்ட நக்சன், அதனையே மின்சாரத்தாற் செய்யும் பானையொன்றுக்கு 1936இல் காப்புரிமை கோரி, 1940இற் பெற்றார். பின்னர் வேறொரு நிறுவனம் அதனை வாங்கி, 1971இற் புதுப் பெயருடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலம் அது. பானை உலகெங்கும் பரவியது.

இதனை நான் அம்மாவுக்குச் சொன்னபோது அவர் சிறிது யோசித்தார். “வெதுப்பகத்தில் ஓர் ஆள் இருந்திருப்பான் அல்லவா, பிள்ளை? உன்னுடைய பானைக்கு யார் இருக்கிறார்கள்?” என்றார். அக்கேள்வியின் ஆழம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

நிற்க. இப்பானையை வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் முதலிற் கவனிக்கவேண்டியது அதன் அடியில் எழுதியுள்ள வோல்ற்று அளவை. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆதலால் தம்பியின் பானை இங்கே தடையின்றி வேலை செய்தது. கனடாவிலோ 120 வோல்ற்று. எங்கள் அயலில் ஒருவர், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பானையைச் செருகியை மட்டும் மாற்றிப் பொருத்தினார். ஏறத்தாழ இருமடங்கு வோல்ற்று பாய்ந்தால் வெப்பமும் இருமடங்காகும் என்று எண்ணவேண்டா. வெப்பம் வோல்ற்றின் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். அஃதாவது, மூன்றரை மடங்குக்கும் மேல். சில நிமிடங்களிற் புகை எழுந்தது. நல்வேளையாக ஆட்கள் அருகில் இருந்தனர்.

இதற்கு மறுதலையும் உண்டு. மாலை வேளைகளிற் சில ஊர்களில் மின்சாரம் நலிந்து, மின்விளக்குகள் மங்குவதைக் காண்கிறோம். 230 வோல்ற்று 200ஆகக் குறைந்தால் பானையின் வலுவில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்துவிடும். நூல் சொல்லும் எட்டு மணி நேரம் அங்கே போதாது. பானையின் தகுதியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பாதிக்குமேல் நீர் நிரப்பி, மூடி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விடுங்கள். பின்பு மூடியைத் திறந்தவுடன் சமையல் வெப்பமானியை இட்டுப் பாருங்கள். 85 பாகை செல்சியஸுக்குக் குறைவாக இருப்பின் அப்பானையை நம்பிச் சமைக்கலாகாது.

எனக்குக் கிடைத்த முதல் அடி சிவப்புப் போஞ்சிவிதையால் வந்தது. கடைகளில் ‘கிட்னி பீன்ஸ்’ என்று விற்கப்படும் அவ்விதையை இரவில் ஊறவைத்து, காலையிற் பானையிலிட்டு, குறைந்த சூட்டில் வைத்தேன். மதியம் நானும் என் கணவரும் உண்டோம். விதை சற்றே நறுக்கென்றிருந்தது. அதனை நான் பொருட்படுத்தவில்லை. அம்மா ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, “இது கொதி காணாத விதை” என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் எங்கள் இருவருக்கும் வாந்தி. பின்பு வயிற்றோட்டம். மாலையாகுமுன் ஒருவாறு தெளிந்தோம். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தாரே தவிர, ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னர் தேடிப் படித்து அறிந்தேன். சிவப்புப் போஞ்சிவிதையில் இயல்பாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நான்கைந்து விதைகளே ஒருவரை வருத்தப் போதுமாம். நன்றாகக் கொதித்தால் அது அழியும். கொதிநிலையை எட்டாத மென்சூட்டில் அழியாது. 80 பாகையளவில் மட்டும் சூடாகிய விதை, பச்சை விதையைக் காட்டிலும் கூடிய நச்சுத்தன்மை கொள்ளவும் கூடும். ஆதலால் விதையைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதிய நீரில் அடுப்பின்மேல் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே மெதுசூட்டுப் பானையில் இடவேண்டும். பத்து நிமிடக் கொதி போதும் என்பாரும் உளர், முப்பது நிமிடம் வேண்டும் என்பாரும் உளர். நான் முப்பதையே கைக்கொள்கிறேன். அம்மாவின் விறகடுப்பில் இத்தொல்லை இருந்ததில்லை. ஏனெனில் அவர் எந்தப் பருப்பையும் முதலில் ஒரு பெருங்கொதி காணாமல் தணலுக்கு இறக்கியதேயில்லை.

அதன்பின் பானையின் இயல்பைக் கற்றுச் சில நியதிகளை வகுத்துக்கொண்டேன். தீங்கு செய்யும் பற்றீரியாக்கள் 5 பாகை முதல் 60 பாகை வரையான சூட்டிற் செழித்துப் பெருகும். மெதுசூட்டுப் பானை இவ்வெல்லையைத் தாண்டச் சில மணி நேரம் எடுக்கும். அந்நேரத்தை எவ்வளவு சுருக்கலாமோ அவ்வளவு சுருக்குவதே பாதுகாப்பின் சாரம். உறைந்த இறைச்சியை அப்படியே இடலாகாது. முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடவேண்டும். இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கவேண்டும். கிழங்கும் கரட்டும் இறைச்சியிலும் மெதுவாக வேகுவன. எனவே அவை அடியிலும் ஓரத்திலும் இருத்தல் வேண்டும். பானையைப் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிரப்பவேண்டும். முதல் ஒரு மணி நேரம் கூடிய சூட்டில் வைத்துப் பின்பு குறைப்பது நன்று. இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடம் செல்லும்.

சமைத்து மிஞ்சியதைப் பானையிலேயே விட்டு ஆறவிடலாகாது. ஆழங்குறைந்த பாத்திரங்களிற் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். மறுநாள் அதனைச் சூடாக்குவது அடுப்பின் வேலை, இப்பானையின் வேலையன்று. அடுப்பிற் கொதியேற்றிய பின் வேண்டுமாயின் இதிலிட்டுச் சூடு காக்கலாம்.

இத்தனையும் கற்றுவிட்டோம் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. அதனை அடக்கியது 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை.

அன்று எங்கள் உறவினர் வீட்டிற் கலியாணம். பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் மகன் அன்றிரவு வீட்டுக்கு வருவதாக இருந்தான். இரண்டு மாதமாக விடுதிச் சாப்பாடு உண்டவன். “பிள்ளைக்கு ஆட்டிறைச்சிக் கறி வேண்டும்” என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். தம்முடைய ஓய்வூதியப் பணத்திலேயே இறைச்சி வாங்குவித்தார். காலை எட்டு மணிக்கு அதனை வதக்கி, பானையிலிட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டோம். “வீட்டில் ஒருவரும் இல்லையே” என்றார் அம்மா. “அதற்காகத்தானே அம்மா இந்தப் பானை” என்றேன் நான்.

முற்பகல் பதினொரு மணி கழிந்து மண்டபத்து விசிறிகள் நின்றன. இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது என்று சற்று நேரத்திற் செய்தி வந்தது. தெற்கே ஒரு துணைமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று சொல்லக் கேட்டுப் பலரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பானையின் நினைவு எனக்கு வரவேயில்லை.

விளக்கு வைக்கும் வேளையில் வீடு திரும்பினோம். அப்போது மின்சாரம் வந்திருந்தது. பானையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. மூடியில் நீர்த்துளிகள். நல்ல மணம். ஒன்றும் நிகழாததுபோலிருந்தது. இங்குதான் அன்பர்களே, கவனிக்கவேண்டிய இடம். எண்கள் காட்டும் புதுவகைப் பானைகளுட் பல, மின்சாரம் நின்று வந்தால் தாமாக வேலை தொடங்கமாட்டா. ஆகவே குற்றம் வெளிப்பட்டுவிடும். திருகியுள்ள பானையோ மின்சாரம் வந்தவுடன் மீண்டும் சூடேறத் தொடங்கிவிடும். இடையிலே அது எத்தனை மணி நேரம் ஆறிக் கிடந்தது என்பதைச் சொல்லாது.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரம் குறைந்த சூட்டில் இறைச்சி பாதிகூட வெந்திராது. பின்பு எவ்வளவு நேரம் வெதுவெதுப்பிற் கிடந்தது? இரண்டு மணியா, ஐந்து மணியா? எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் எப்போது வந்தது என்று அயலாரைக் கேட்டேன். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை.

“காஸ் அடுப்பில் வைத்து ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிடு. எல்லாம் சரியாகிவிடும்” என்றார் அம்மா. “நேற்றைய மீன்குழம்பை இன்றும் சூடுகாட்டி உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு என்ன நேர்ந்தது?”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அவருடைய மீன்குழம்பு முன்பே முற்றாக வெந்தது. பழப்புளியின் புளிப்பும் உப்பும் உடையது. மாலையும் காலையும் அவர் தம் கண்முன்னே கொதியேற்றியது. என் பானையில் இருந்ததோ வேகாத இறைச்சி, கணக்குத் தெரியாத நேரம். சில பற்றீரியாக்கள் உணவிற் பெருகும்போது நஞ்சொன்றை விட்டுச்செல்லும். ஸ்ரபிலோகொக்கஸ் அத்தகையது. பின்பு கொதிக்கவைத்தாற் பற்றீரியா இறக்கும், அதன் நஞ்சு அழியாது. மணமும் மாறாது, சுவையும் மாறாது. உண்ணப்போகிறவர்களுள் ஒருவர் 84 வயதானவர். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இளைத்த உடம்பினருக்கும், நமக்கு ஒரு நாள் வருத்தமாகக் கழிவது உயிராபத்தாகவும் முடியலாம்.

வாழையடியில் ஆழக் குழி தோண்டி, நாய்கூடத் தீண்டாதபடி அத்தனையையும் கொட்டி மூடினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் வந்தான். இடியப்பமும் சொதியும் முட்டைப் பொரியலும் மகிழ்ச்சியோடு உண்டான். அம்மா அன்றிரவு ஒரு மிடறு பாலுடன் படுத்துவிட்டார்.

மூன்றாம் நாட் காலை நான் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இதற்கும் முறையுண்டு. முதலிற் செருகியைக் கழற்றவேண்டும். பீங்கானை முழுதும் ஆறவிடவேண்டும். சூடான பானையிற் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பீங்கானைச் சூடான கூட்டில் வைத்தாலும் அவ்வாறே. அடிப்பிடித்திருந்தால் இளஞ்சூட்டு நீரும் அப்பச்சோடாவும் இட்டு ஊறவைத்து, மெல்லிய பஞ்சாற் தேய்க்கவேண்டும். உலோகக் கூட்டை ஒருபோதும் நீரில் அமிழ்த்தலாகாது. ஈரத்துணியாற் துடைப்பதே முறை. மின்வடத்தை எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். பீங்கானில் வெடிப்புக் கண்டால் அதனைச் சமையலிலிருந்து நீக்கிவிடவேண்டும்.

அம்மா அருகில் வந்து அமர்ந்தார். “மண்சட்டிக்கும் இதுதான் விதி. சூட்டிற் பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது” என்றார். பின்பு தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்த நாள். நான் அப்போது மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் தம்பியுமே இருந்தனர்.

“உலையில் அரிசி போட்டிருந்தேன். அரைவேக்காடு. உடனே வெளிக்கிடவேண்டும் என்று தெருவிற் சொல்லிக்கொண்டு போனார்கள். நெருப்பைக்கூட அணைக்கவில்லை. மழை வேறு. நாவற்குழிப் பாலத்தடியில் நகரவும் இடமில்லாமல் நின்றபோது அப்பா பசிக்கிறது என்றார். என் கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பானைதான் கண்ணுக்குள் நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், பானை அடுப்பிலேயே இருக்கிறது. உள்ளே ஒரு பிடி கரி. அன்றுதொட்டுச் சோறு கறி கொட்டுவதைக் கண்டால் என்னாற் தாங்க முடிவதில்லை.”

சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

“நீ கொட்டியது சரிதான், பிள்ளை. நான் அழுதது உன் இறைச்சிக்காக அன்று” என்றார் அம்மா.

மகன் விடுமுறை முடிந்து போகுமுன் ஒரு காரியஞ் செய்தான். மின்சாரத்தில் ஓடும் பழைய மணிக்கூடு ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதனைப் பானையின் பக்கத்திற் பொருத்தினான். மின்சாரம் நின்று வந்தால் அதன் எண்கள் பன்னிரண்டிலிருந்து மீண்டும் தொடங்கி மினுங்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றதையும், அது திரும்பி வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். “பானைக்கு ஒரு கண் வைத்திருக்கிறேன், அம்மம்மா” என்றான்.

ஆயினும் நாங்கள் இப்போது வீட்டில் ஆளில்லாத வேளையில் அப்பானையை ஏற்றுவதில்லை. இடையில் மின்சாரம் நின்றால், வேகாததை உடனே காஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதியேற்றி முடிக்கிறோம். முன்பே முற்றாக வெந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுகிறோம். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாதாயின் கொட்டிவிடுகிறோம். கொட்டும்படி நேராமற் பார்த்துக்கொள்வதே அம்மாவுக்கு நான் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறேன்.

அந்தக் காவலை அம்மாவே ஏற்றுக்கொண்டுவிட்டார். பானை வேலை செய்யும் நாட்களிற் குசினி வாசலிலே கதிரையைப் போட்டு, முருங்கையிலை ஆய்ந்துகொண்டோ தேவாரம் முணுமுணுத்துக்கொண்டோ அமர்ந்திருப்பார். பாட வகுப்பின் நடுவில் அவருடைய குரல் சிலவேளை என் காதில் விழும்.

“பிள்ளை, கறன்ற் நின்றுவிட்டது. வந்து சட்டியை மாற்று.”